ஊசிப்புல்லுக்குப் பயந்த மகனுக்கு

உன் மனைவி கேட்டுக்கொண்டதால் எழுதுகிறேன். இரண்டு வீட்டுப் பெரியவர்களும் ஆளுக்கொரு கடிதம் எழுதி உறையிலிட்டுத் தர வேண்டுமாம். கனடா விமானத்தில் ஏறி, பெல்ட் போட்டுக்கொண்ட பிறகு நீங்கள் இருவரும் அவற்றை ஒவ்வொன்றாகப் பிரித்துப் படிப்பீர்களாம். அவளுடைய அம்மா ஏற்கெனவே எழுதி, உறையின் மேல் சிவப்பு இதயம் ஒன்றும் ஒட்டிக் கொடுத்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன். நான் உறையில் போடவில்லை. இதை விமானத்தில் படிப்பதால் உனக்கும் பயனில்லை, எனக்கும் இல்லை. இன்றே, பூனாவில், பாணேர் வீட்டில் உட்கார்ந்து படி. உன் மனைவியும் படிக்கட்டும். அவளைப் பெற்றவர்களும் படிக்கட்டும். மறைத்து வைத்த காலம் முடிந்துவிட்டது.

தமிழில் எழுதுகிறேன். உனக்கு இது சிரமம் என்று தெரியும். ஞாயிற்றுக்கிழமை கோவிலிலிருந்து வந்ததும் வேதாகமத்தை விரித்து உன்னை எழுத்துக்கூட்ட வைத்தேன்; அதற்குமேல் நீ ஏறவில்லை. ஆங்கிலத்தில் எழுதினால் உன் ஆபீஸ் மெயிலைப்போல முதல் வரியையும் கடைசி வரியையும் பார்த்துவிட்டு, கட்டைவிரல் படம் ஒன்றை அனுப்பிவிடுவாய். தமிழில் நீ ஒவ்வொரு சொல்லாகத்தான் வர முடியும். அப்படியே வா.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சக்குபாயியின் ஆட்டு மந்தை கொங்கணத்திலிருந்து திரும்பி வந்துகொண்டிருக்கிறது. முதல் மழை விழுவதற்குள் அது சாஸ்வடைத் தாண்டி நம் நிலத்தருகே வரும். அன்று நீ அங்கே நிற்க வேண்டும். நின்று ஒரு காரியம் செய்ய வேண்டும். அது என்ன, ஏன் என்பதற்குத்தான் இவ்வளவு தாள்.

அந்த நிலத்தை உன் அப்பா வாங்கியபோது நிக்டி காலனியில் எல்லோரும் சிரித்தார்கள். பிம்ப்ரி தொழிற்சாலையில் அவரோடு வேலை பார்த்தவர்கள் பிளாட் வாங்கினார்கள், தங்கம் வாங்கினார்கள். அவர் மலைச்சரிவில் புல்லும் கல்லும் வாங்கினார். இங்கே அதை மால்ரான் என்பார்கள். இடுப்பளவு புல், அங்கொன்றும் இங்கொன்றுமாக வெள்வேல மரம், நடுவே இலந்தை முட்புதர். காடு என்று சொல்ல மரம் போதாது, வயல் என்று சொல்ல மண் போதாது. ஒரு சாண் தோண்டினால் செம்பாறை. நீயும் பின்னாளில் அதை வேஸ்ட் லேண்ட் என்றுதான் சொன்னாய். நான் உயிரியல் டீச்சர். எனக்கு அதில் என்ன தெரிந்தது என்பதை நீ ஒருநாளும் கேட்கவில்லை. உன் நண்பர்களுக்கு அந்த இடத்தைக் காட்டும்போது சூரிய அஸ்தமனத்தைப் பற்றி மட்டும் சொல்வாய்.

அந்த மாதிரி நிலத்தில் கண்ணுக்குத் தெரிவது பாதிதான். மீதி மேல்மண்ணில், இரண்டு மூன்று விரல் ஆழத்துக்குள், விதையாகக் கிடக்கிறது. சில விதைகள் தடித்த தோல் போட்டுக்கொண்டு பல வருடம் காத்திருக்கும். நல்ல புற்களின் விதைகளோ அவ்வளவு பொறுமைசாலிகள் அல்ல. இந்த வருடம் விழுந்ததில் பெரும்பகுதி அடுத்த மழையில் முளைக்கும், அல்லது மக்கிப்போகும். ஆகவே அந்த நிலம் வருடா வருடம் தன் கையிருப்பைப் புதிதாகப் போட்டு வைத்தாக வேண்டும். ஒரு வருடம் தவறினால் அது பட்டினிதான்.

இதில் ஆட்டுக்கும் ஒரு வேலை இருக்கிறது. எப்போது வேண்டுமானாலும் மேயலாம் என்று நான் சொல்லவில்லை. பக்கத்துக் கிராமத்துப் பொது நிலத்தைப் பார். வருடம் முழுவதும் மேய்ந்து மொட்டைத் தலையாகிவிட்டது. ஆடே நுழையாமல் பூட்டி வைத்தாலும் கேடுதான். உயரமான ஒன்றிரண்டு புல் மட்டும் தழைத்து, காய்ந்து, கீழே உள்ள சின்னஞ்சிறு செடிகளை மூச்சுத் திணற அடித்துவிடும். உன் அப்பா சக்குபாயியின் மாமனாரோடு ஓர் ஏற்பாடு செய்திருந்தார். மழைக்காலத்தில் ஒரு குட்டிகூட உள்ளே வரக் கூடாது. தீபாவளி கழிந்து, ஊசிப்புல் தன் ஊசிகளை உதிர்த்து முடித்த பிறகு மந்தை இறங்கலாம். முன்னால் இறங்கினால் அந்த ஊசி ஆட்டின் தோலைத் துளைக்கும். பின்னால் இறங்கினால் குளம்புகள் விதையை மண்ணுக்குள் மிதித்துவிட்டுப் போகும். மேற்கே போகும்போது சில இரவுகள், திரும்பும்போது சில இரவுகள். புழுக்கையும் சிறுநீரும் நம் நிலத்துக்கு, காய்ந்த புல் அவர்களுக்கு. கைகுலுக்கவில்லை, காகிதம் எழுதவில்லை. இருவரும் ஆளுக்கொரு டம்ளர் டீ குடித்தார்கள்.

சக்குபாயியை நான் விரும்பினேன் என்று நினைத்துவிடாதே. எனக்கு அவளிடம் பொறுமை கிடையாது. வந்த உடனே டீத்தூள் கேட்பாள், பிறகு சர்க்கரை கேட்பாள், பிறகு கோடாலியோடு வெள்வேல மரத்தடியில் நிற்பாள். ஒருமுறை கிளையை வெட்டியவளைப் பார்த்துக் கத்தினேன். அவள் இடுப்பில் கைவைத்து, "மரமும் உன்னுதுதானா மாஸ்தரீண்பாயி? நிழலுக்கும் அட்டெண்டன்ஸ் எடுப்பியா?" என்றாள். அவள் வீட்டு ஆட்கள் எல்லோரும் சிரித்தார்கள். உன் அப்பாவும் சிரித்தார். "டீச்சரம்மா, கோடாலியைக் கண்டா மட்டும் உனக்கு மராத்தி தண்ணியா வருது" என்றார். நீ காருக்குள் ஏசி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். பத்தாம் வகுப்பு முடித்த வருடம் அது. ஆட்டு நாற்றம் தாங்கவில்லை என்றாய்.

உன் அப்பா நல்லவர். அவரைப் பற்றி நான் குறையாகச் சொல்லும் ஒரே விஷயத்தை இங்கே எழுத வேண்டியிருக்கிறது. நிக்டியில் கீழ்வீட்டுப் பெரியவர் காகாவின் ஸ்கூட்டர் கண்ணாடியை நீ பந்தால் உடைத்தாய். அவர் மாடியேறி வந்து கதவைத் தட்டினார். நீ உள்ளறையில் டிவி சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொண்டாய். நான், "அவனைக் கூட்டிட்டுப் போங்க, அவன்தான் கேக்கணும்" என்றேன். அப்பா, "சின்னப் புள்ள, விடுளா. நான் கேட்டா என்ன, அவன் கேட்டா என்ன" என்று சொல்லிவிட்டு, தானே இறங்கிப்போய்க் கைகூப்பி நின்றார். கல்லூரியில் நீ அடுத்தவன் புராஜெக்டைக் காப்பியடித்தபோது பிரின்சிபால் அறைக்கு வெளியே நின்றதும் அவர்தான். லோஹேகாவில் அந்தப் பெண்ணுக்கு நிச்சயம் வரை ஆசை காட்டிவிட்டு நீ ஃபோனை எடுக்காமல் இருந்தபோது, அவளுடைய ஏர்ஃபோர்ஸ்கார அப்பாவின் வீட்டு சோபாவில் தலைகுனிந்து உட்கார்ந்ததும் அவர்தான். வாழ்நாள் முழுவதும் உனக்காக மன்னிப்புக் கேட்டே அந்த மனிதரின் முதுகு வளைந்தது. அவர் போய்விட்டார். உனக்காகக் கேட்க இனி ஆள் இல்லை. நான் கேட்கமாட்டேன். எனக்கு முதுகு நேராக இருக்கிறது.

சென்ற அக்டோபருக்கு வருகிறேன். திருமணத்துக்கு முன் படம் எடுக்க வேண்டும் என்று அவளை அந்த நிலத்துக்கு அழைத்துப் போனாய். கோயம்புத்தூரில் வளர்ந்த பெண், ஊசிப்புல்லை எங்கே கண்டாள்? தரையைத் தொடும் வெள்ளை கவுனோடு புல்லுக்குள் நடந்திருக்கிறாள். ஊசி பழுத்து நிற்கும் வாரம் அது. அந்தப் புல்லின் விதைக்கு ஒரு முறுக்கு வால் உண்டு. ஈரம் பட்டால் அவிழும், காய்ந்தால் முறுக்கிக்கொள்ளும், அப்படித் திருகித் திருகியே மண்ணுக்குள் இறங்கும். துணிக்கும் மண்ணுக்கும் அதற்கு வித்தியாசம் தெரியாது. கவுனின் அடியெல்லாம் ஊசி. அவள் அழுதாள். ஃபோட்டோகிராஃபர் சலித்துக்கொண்டான். நீ அன்று மாலை என் வீட்டுக்கு வந்து, "அம்மா, ரிசெப்ஷன் அங்கேயே வெச்சுக்கலாம்னு இருக்கோம். ஆனா அந்தப் புல்லை எல்லாம் எடுத்துடணும். கெஸ்ட்ஸ் பேண்ட்ல குத்தும்" என்றாய்.

நான் வேண்டாம் என்றேன். ஒருமுறை அல்ல. நீ, "அம்மா, புல்லுதானே? ரெயின் வந்தா தானா வந்துரும்மா" என்றாய். பிறகு எனக்குச் சொல்லாமல் செய்தாய். புல்லை அறுத்திருந்தால்கூட மன்னித்திருப்பேன். ஆள் வைத்து அறுத்து, வைக்கோலாகக் கட்டியிருந்தால் நிலத்துக்கு ஒன்றும் ஆகியிருக்காது. நீ ஜேசிபியைக் கூப்பிட்டாய். புல்லையும் வேரையும் மேல்மண்ணையும் ஒன்றாகச் சுரண்டிச் செம்பாறை தெரிய மட்டமாக்கினாய். நீ தேர்ந்தெடுத்த வாரம் எது தெரியுமா? தீபாவளி கழிந்த வாரம். எல்லா விதையும் தாளை விட்டு மண்ணுக்கு இறங்கி முடித்த வாரம். அந்த நிலம் ஒரு வருடத்துக்காகச் சேர்த்து வைத்ததை, சேர்த்து முடித்த மறுநாள் வழித்து எடுத்தாய். திட்டம் போட்டு அழித்தாலும் இதைவிடத் திறமையாக அழிக்க முடியாது. அள்ளிய மண்ணை ஜேசிபிக்காரன் சாலையோர தாபா ஒன்றுக்கு மேடு போடக் கொண்டுபோனான். அதன் மேல் பேவர் பிளாக் பதித்திருக்கிறார்கள். போய்ப் பார்த்தேன். பைக் நிறுத்த நன்றாக இருக்கிறது.

மட்டமாக்கிய இடத்தைச் சுற்றி முள்கம்பி வேலி. வாசலில் செக்யூரிட்டி ஆள் ஒருவன். அதன் மேல் லாரி லாரியாக வந்து இறங்கிய கார்பெட் புல். அந்த வாரத்தில்தான், ஒவ்வொரு வருடமும் வருவதைப்போல, மந்தை வந்தது.

நீ அங்கே இல்லை. செக்யூரிட்டி ஆள் உனக்கு ஃபோன் செய்தான். நீ மீட்டிங்கில் இருந்தாய். "உள்ள விடாதே, புல் புதுசு" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாய். அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்ல உனக்கு எவ்வளவு நேரம் பிடித்திருக்கும்? நான் அந்த ஆளிடமே கேட்டுத் தெரிந்துகொண்டேன். அவன் ஒன்றையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. இருட்டுவதற்கு முன் தங்க இடம் வேண்டுமே என்று அவர்கள் ஆடுகளைத் திருப்பி நெடுஞ்சாலையில் ஏற்றினார்கள். வளைவில் ஒரு லாரி. முன்னால் போன குட்டிகள் போயின. பாத்திரம் பண்டம் சுமந்த குதிரை போயிற்று. அதைப் பிடித்துக்கொண்டு நடந்த சக்குபாயியின் புருஷனுக்குத் தொடை எலும்பு முறிந்தது.

பூனாவில் அவளுக்குத் தெரிந்த ஒரே ஆள் நான். உன் அப்பா எழுதிக் கொடுத்திருந்த எண்ணுக்கு ஃபோன் செய்தாள். அரசு ஆஸ்பத்திரி வராந்தாவில், தரையில், சாக்கு மூட்டையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். புடவையில் ரத்தம்; அவளுடையதா, குதிரையுடையதா என்று நான் கேட்கவில்லை. டீ வாங்கிக் கொடுத்தேன். குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"பாயி, உங்க நிலத்தை யார் வாங்குனது?" என்று கேட்டாள்.

அவள் கேட்டதை யோசித்துப் பார். உன் அப்பா இருந்த இடத்தில் வேலி என்றால், நிலம் கைமாறிவிட்டது என்றுதான் அவளுக்குத் தோன்றியது. அவருடைய மகன் அப்படிச் செய்வான் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

"யாரோ கம்பெனிக்காரன். வித்துட்டோம்" என்றேன்.

"ஒரு வார்த்தை முன்னாடியே சொல்லியிருந்தா வேற வழி போயிருப்போமே. வாச்மேன் தடியை ஆட்டுறான். சாப் ஆர்டர்ங்கறான். எந்த சாப்னு கேட்டா மொபைலைத் தூக்கிக் காட்டுறான். மொபைலா எனக்கு சாப்?" அவள் குரல் வராந்தா முழுவதும் கேட்டது. நர்ஸ் எட்டிப் பார்த்து அதட்டினாள். அவள் அடங்கவில்லை. "அவன் போற வழியெல்லாம் அடைபட்டுப் போகட்டும். அவனைப் பெத்தவ வாசல்ல உக்காந்து, அவன் வருவான் வருவான்னு பாத்துப் பாத்தே கண்ணு பூத்துப் போகட்டும். சரிதானே பாயி?"

"சரிதான். முதல்ல டீயைக் குடி" என்றேன்.

அந்தச் சாபத்தின் பாதி எனக்கானது என்று அவளுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். தலையாட்டிவிட்டுத்தான் வந்தேன்.

உன்னைக் காப்பாற்றப் பொய் சொன்னேன் என்று ஒரு நிமிடம்கூட நினைத்துவிடாதே. ஆயுள் முழுவதும் கன்னியாஸ்திரிகளின் பள்ளியில் படித்து, அதே மாதிரிப் பள்ளியில் படிப்பித்து, நிமிர்ந்து நின்று உண்மையைச் சொல் என்று எத்தனையோ பெண்களை அதட்டியவள் நான். அந்த வராந்தாவில் நீ என் வயிற்றில் பிறந்தவன் என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. அதனால் சொல்லவில்லை. காரணம் அவ்வளவுதான்.

அன்று மாலை உன்னிடம் எல்லாவற்றையும் சொன்னேன். உனக்கு ஞாபகம் இருக்காது, எனக்கு இருக்கிறது.

"அம்மா, டெக்னிக்கலா அது லாரிக்காரன் தப்பும்மா. நம்ம இடத்துக்கு நாம வேலி போட்டோம், தட்ஸ் ஆல்."

"நீ வந்து அவங்களைப் பாரு."

"வெட்டிங் முடியட்டும்மா, பிளீஸ். வேணும்னா ஒரு ஃப்ரூட் பாஸ்கெட் அனுப்பிடலாமா?"

"தொடை உடைஞ்சவனுக்குக் கிவிப் பழமா?"

"பின்ன என்னதான் அனுப்பறது?"

"உன்னை."

நான் வேடிக்கையாகப் பேசுகிறேன் என்று நினைத்துச் சிரித்தாய். உன் அப்பாவின் சிரிப்பு அது. அதைக்கூட எடுத்துக்கொண்டு போய்த் தவறான இடத்தில் செலவழிக்கிறாய்.

கிறிஸ்துமஸ் முடிந்து ஜனவரியில் கல்யாணம். பூனா கேம்ப் பக்கத்துக் கோவிலில் மோதிரம் மாற்றினீர்கள். மாலையில் அந்தக் கார்பெட் புல்லின் மேல் வட்ட மேசைகள், தொங்கும் விளக்குகள். நான் பட்டுப் புடவை கட்டி வந்தவர்களை வரவேற்றேன், கேக் ஊட்டினேன், படங்களில் சிரித்தேன். எல்லோரும் புல்லைப் புகழ்ந்தார்கள். உன் மேனேஜர், "ஆன்ட்டி, ஃபாரின்ல இருக்கற மாதிரி இருக்கு" என்றார். இருந்திருக்கும். அந்தப் புல்லுக்கும் அந்த ஊருக்கும் எந்த உறவும் இல்லை. மார்ச் வெயிலில் அது ஓரங்களில் சுருண்டு, சாக்குப்போலத் தூக்கிக்கொண்டது. நீ மறுபடி அந்தப் பக்கம் போகவில்லை.

நான் போனேன். பிப்ரவரியில் டாக்ஸி வைத்துக்கொண்டு போய், பிஸ்கட் டப்பாக்களில் மண் எடுத்து வந்தேன். ஒன்று நீ சுரண்டிய இடத்திலிருந்து. இன்னொன்று மூலையில் நிற்கும் பெரிய வெள்வேல மரத்தடியிலிருந்து. முள்ளுக்குப் பயந்து ஜேசிபி அங்கே கையை நீட்டவில்லை, ஆடுகள் வருடா வருடம் படுத்த இடமும் அதுதான். இரண்டையும் தனித்தனி டிரேயில் மெல்லப் பரப்பி, பால்கனியில் வைத்துத் தண்ணீர் தெளித்தேன். மண்ணில் என்ன விதை கிடக்கிறது என்று தெரிந்துகொள்ள இதைவிட நேர்மையான வழி கிடையாது. தண்ணீர் ஊற்றிவிட்டு, முளைப்பதைப் பார்க்க வேண்டியதுதான். நீ உன் மாமியாரிடம், "அம்மா பால்கனில மண்ணு வளக்கறாங்க" என்று கேலி செய்ததும் என் காதுக்கு வந்தது.

மரத்தடி மண்ணில் பசுமை பொங்கியது. பெயர் தெரிந்த புல், பெயர் தெரியாத புல், தரையோடு படரும் அவரைக் குடும்பச் செடிகள். ஆட்டுப் புழுக்கை ஒன்றைப் பிளந்துகொண்டு வெள்வேலக் கன்று ஒன்று எழுந்தது. ஊசிப்புல்கூட வந்தது, கோடை ஏறிய பிறகு, தயங்கித் தயங்கி, சில தாள்கள். நீ சுரண்டிய மண்ணில் நாள்கணக்காக ஒன்றும் இல்லை. பிறகு ஒன்று தலைகாட்டியது. பார்த்தீனியம் என்ற விஷக்களை. கார்பெட் புல்லோடு லாரியில் வந்திருக்கும். எடுத்து எறிந்துவிட்டு மறுபடி தண்ணீர் தெளித்தேன். மறுபடி பார்த்தீனியம்.

அந்த டிரேயின் முன் உட்கார்ந்திருக்கும்போது உன்னை நினைக்காமல் இருக்க முடியவில்லை. மண்ணில் இல்லாததைத் தண்ணீர் ஊற்றிக் கொண்டுவர முடியாது. நாற்பது வருடம் உனக்கு ஊற்றினோம். நல்ல பள்ளி, நல்ல சாப்பாடு, ஜெபம், அப்பாவின் முன்மாதிரி. ஏதோ ஒன்று ஆழத்தில் காத்துக்கிடக்கிறது, காலம் வந்தால் எழும் என்று உன் அப்பா கடைசி வரை நம்பினார். நான் சோதித்துப் பார்ப்பவள். நம்புவதற்குமுன் பார்க்க வேண்டும்.

உன் மனைவியைப் பற்றியும் ஒன்று சொல்கிறேன். ஏப்ரலில் அவள் தனியாக என் வீட்டுக்கு வந்தாள். டிரேக்களைக் குனிந்து பார்த்து, "அத்தை, இது என்ன?" என்றாள். சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன், ஆஸ்பத்திரி உட்பட. உன்னிடமிருந்து அவளுக்கு எதுவும் தெரிந்திருக்கவில்லை. "நான் அன்னிக்கு அழாம இருந்திருந்தா இதெல்லாம் நடந்திருக்காதா அத்தை?" என்று கேட்டாள். நடந்திருக்காது என்றேன். அவளுக்கு ஆறுதல் சொல்ல எனக்குத் தோன்றவில்லை. காபியைக் குடித்து, டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போனாள். மறுவாரமும் வந்தாள். உனக்கு அறிவுரை வேண்டுமென்றால் இதை எடுத்துக்கொள்: மனைவி அழுதால் உலகத்தை மட்டமாக்கக் கிளம்பாதே. பக்கத்தில் உட்கார்ந்து அவள் கவுனிலிருந்து ஊசியை ஒவ்வொன்றாகப் பிடுங்கு. உன் அப்பா எனக்கு அதைத்தான் செய்தார். காலுறை முழுவதும் ஊசியோடு நான் அவரைத் திட்டிக்கொண்டிருந்த நாட்களில், என் பாதத்தைத் தன் மடியில் வைத்துக்கொண்டு.

போன மாதம் கம்பிக்காரனை அழைத்து வேலியைப் பிடுங்கினேன். செக்யூரிட்டி ஆளை அனுப்பிவிட்டேன். காய்ந்த கார்பெட்டைச் சுருட்டி எடுக்கச் சொன்னேன். நிலம் என் பெயரில் இருக்கிறது என்பதை நீ மறந்திருக்கலாம். அந்தத் தரைக்கு இனி விதை வர வேண்டுமென்றால் மரத்தடியிலிருந்து காற்றில் கொஞ்சம் வரும். மீதி ஆட்டின் வயிற்றிலும் ரோமத்திலும்தான் வர வேண்டும். வெற்றுத் தரையில் மந்தை சில இரவுகள் படுக்க வேண்டும், மழைக்குச் சற்று முன்பாக. இந்த வருடம், அடுத்த வருடம், அதற்கடுத்த வருடம். அப்படியும் பழைய நிலம் வராது. அதில் ஒரு பங்கு வரலாம். அதைப் பார்க்க நான் இருக்கமாட்டேன்.

சக்குபாயிக்கு ஃபோன் செய்தேன். புருஷன் ஊன்றுகோலோடு நடக்கிறானாம். "வழி தெறந்திருக்கு. பழையபடி வாங்க" என்றேன்.

"வேலி?"

"எடுத்தாச்சு."

"புது சாப் என்ன சொல்றான்? இன்னிக்கு வேலியை எடுப்பான், நாங்க ஆட்டை எறக்குன ராத்திரி போலீஸைக் கூட்டிட்டு வருவான். உன்னை நம்பலாம் பாயி, நிலம் இப்ப உன்னுது இல்லையே."

என் பொய் என் எதிரே வந்து நின்றது.

"அவன் மூஞ்சியைப் பாக்கணும்" என்றாள். "அவனே வந்து, நான்தான், தங்கிக்கோன்னு சொல்லணும். சொன்னா எறங்குவோம். இல்லேன்னா ரோடு இருக்கு. ஒரு தடவை போனவங்கதானே."

அதே ரோடு, அதே வளைவு. மழைக்கு முந்தைய நாட்களில் அங்கே லாரிகள் எப்படிப் போகும் என்று உனக்குத் தெரியும். உன் காரும் அப்படித்தான் போகும். "வருவான்" என்று சொல்லிவிட்டேன்.

ஆகவே நீ வர வேண்டும். அவர்கள் கொங்கணத்திலிருந்து மலைப்பாதை ஏறி வந்ததும் அவள் எனக்குச் சொல்வாள், நான் உனக்குச் சொல்வேன். மீட்டிங் இருந்தால் விட்டுவிட்டு வா. விசா வேலை இருந்தால் விட்டுவிட்டு வா. காரைச் சாலையிலேயே நிறுத்திவிட்டு நடந்து வா. பழக்கூடை வேண்டாம். உன் மராத்தி என்னுடையதைவிட நன்றாக இருக்கும்; அதில் இப்படிச் சொல்: வேலி போட்டவன் நான். விடாதே என்று ஃபோனில் சொன்னவன் நான். இவர் என் அம்மா. அவள் திட்டுவாள். அவள் புருஷன் ஊன்றுகோலை ஓங்கினாலும் ஓங்குவான். நின்று கேள். நடுவில் டெக்னிக்கல் என்ற சொல் உன் வாயிலிருந்து வரக் கூடாது. நான் அவளிடம் பொய் சொன்னவள் என்பதும் அப்போது அவளுக்குத் தெரிந்துபோகும். ஊர் கேட்க என்னையும் நாலு வார்த்தை சொல்வாள். அதை நான் பார்த்துக்கொள்கிறேன். பிறகு நீ தாராளமாகக் கனடா போகலாம். உன்னைக் கட்டிப்பிடித்து அனுப்புவேனா என்று இப்போது சொல்ல முடியாது.

நீ வராமலும் இருக்கலாம். உன்னை எனக்குத் தெரியும், ஆகவே அதற்கும் யோசித்து வைத்திருக்கிறேன். அந்த ஆடுகள் மறுபடி சாலையில் ஏறப்போவதில்லை. நான் வெள்வேல மரத்தடியில் நின்று சக்குபாயியிடம் சொல்வேன்: உன்னிடம் பொய் சொன்னேன், நிலத்தை விற்கவில்லை, வேலி போட்டவன் என் ஒரே மகன், அவன் இறந்துவிட்டான், நிலம் என் கையில்தான் இருக்கிறது, பயப்படாமல் இறங்கு. அவள் கோபக்காரி. ஆனாலும் பிள்ளையைப் பறிகொடுத்தவளிடம் கோபத்தை வைத்துக்கொள்ளத் தெரியாதவள். முதலில் ஆடுகளை உள்ளே ஓட்டுவாள். பிறகு வந்து என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, தான் விட்ட சாபம்தான் பலித்துவிட்டது என்று தலையிலடித்துக்கொண்டு உனக்காக அழுவாள்.

நான் தடுக்கமாட்டேன்.